பட்டுச்சு

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்பாஞ்சுக் குண்டு யார் மேல் படுகிறதோ அவர்தான் வாயைத் திறந்து "பட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். சுட்டவர் சொன்னால் செல்லாது. பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னாலும் செல்லாது. சட்டத்தைப் போட்டது எட்டு வயது வாலு. அவளுக்கு அழகான பெயர் ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. வீட்டில் அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

"மேல பட்டா அவங்களுக்குத்தானே தெரியும்? பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டபோது பெரியவர்கள் மூன்று பேரும் சட்டத்துக்குத் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த மூன்றாம் மாடி வீட்டின் கூடம் போர்க்களமாகிவிடும். சோபாவுக்குப் பின்னால் வாலு. சாய்த்து வைத்த சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அவள் அப்பா. நடுவில், இரண்டு பக்கத்துக் குண்டுகளையும் முதுகில் வாங்கிக்கொண்டு துணி மடிப்பவள் அத்தை. அப்பாவின் அக்காவான அவளை வேலை செய்யும் கடையிலும் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒரு குண்டு பாத்திரத்துல விழுந்தாலும் ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்பாள். ஏதாவது ஒரு குண்டு விழும், சோறும் கிடைக்கும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அதெல்லாம் நின்றுபோனது. தம்பி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் மெஷினில் நிற்பவன். ஒரு நாள் அட்டைக் கட்டை இறுக்கியிருந்த இரும்புப் பட்டை அறுந்து தெறித்து, அவனுடைய வலது முழங்கையின் உள்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நரம்பைத் தைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான். விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. தம்ளரைப் பிடிக்க முடிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தால். கண்ணை எடுத்தால் தம்ளர் தரையில் கிடந்தது. பலம் இன்னும் வரவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் சொன்னான். சில வாரமாகத்தான் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது.

வியாழக்கிழமை மாலை அவன் டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழோடு வந்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். தம்பி மனைவி சிரிக்கவும் அழவும் தெரியாமல் நின்றாள். வாலு சோபாவில் குதித்தாள். ஆரவாரம் அடங்கிய பிறகு தம்பி அக்காவின் அறை வாசலில் வந்து நின்றான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற மாதிரி நீ என்னைக்குடா சொல்லியிருக்க?"

"வாலு எனக்கு விட்டுக்கொடுக்கிறா, அக்கா."

அவள் சிரிக்கவில்லை.

"துப்பாக்கிய முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, இடது கையால பின்பக்கம் இழுத்து, திருப்பிப் பிடிக்கிறதுக்குள்ள அவ ஆறு குண்டு போட்டுடலாம். போட மாட்டேங்குறா. வேணும்னே சுவத்துல சுடுறா. அப்புறம் 'அப்பா ஜெயிச்சுட்டீங்க'ன்னு கை தட்டுறா. நோயாளிக்குத் தட்டுற மாதிரி." அவன் கதவின் தாழ்ப்பாளை இடது கையால் ஆட்டிக்கொண்டே இருந்தான். "திங்கக்கிழமை நான் மெஷினுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு தடவையாவது ஒழுங்காத் தோக்கணும்."

மறுநாள் காலையில் அக்கா அவனுடைய பொம்மைத் துப்பாக்கியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள்.

அவள் வேலை நகல் எடுக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது. பதினாறு வருடமாகக் காகிதம் சிக்குவதையும் சிக்கெடுப்பதையும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதைக் கண்டாலும் எங்கே இழுக்கும், எங்கே தள்ளும் என்றுதான் அவள் மூளை ஓடும். மதிய இடைவேளையில் ஆறு திருகாணிகளைக் கழற்றித் துப்பாக்கியின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே ஒரு சுருள்வில், ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். வில்லை இழுக்க இரண்டாவது கை வேண்டும். வில்லே வேண்டாம் என்றால்? குண்டு என்பது என்ன, சுருட்டிய காகிதம் மாதிரி ஒரு பொருள். மெஷின் ஒரு தாளை எப்படி இழுத்துக்கொள்கிறது? மேலே ரப்பர் உருளை, கீழே தக்கைத் துண்டு, நடுவில் தாள். உருளை வேகமாகச் சுற்றினால் தாள் பறக்கும். குண்டு மட்டும் பறக்காதா?

உருளைக்குப் பஞ்சமில்லை. மோட்டாருக்குத்தான் பழைய சாமான் பெட்டியைக் கிளறினாள். அடியில், ஏணியிலிருந்து விழுந்து மூக்கு உடைந்த பேட்டரி டிரில் ஒன்று கிடந்தது. மூக்குதான் போயிருந்தது, மோட்டார் சிங்கக்குட்டி. கம்பி இரண்டையும் தொட்டதும் கையிலிருந்து திமிறியது. அதன் பேட்டரிக் கட்டில் ஐந்து செல்லில் மூன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது.

கூட வேலை செய்பவனுக்கு டோனர் என்று பெயர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் நகக்கண்ணில் நகல் மெஷினின் கறுப்புப் பொடி போகாது. அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, யார் மேல கோபம்?"

"என் தம்பிக்குடா. ஒரு கையால சுடணும்."

"டிரில் மோட்டாரா? சுவத்தையே துளைக்கிற சாமான்க்கா அது. எலிய அடிக்க யானையக் கூப்பிடுறீங்க."

"யானைய எப்படி நடத்தணும்னு எனக்குத் தெரியும். அந்தப் பசையை எடு."

மோட்டாரின் தண்டில் உருளையைச் செருகி, எதிரே தக்கையை ஒட்டி, விசையை அழுத்தினால் குண்டு நடுவே தள்ளப்படும்படி ஒரு நெம்புகோலைப் பொருத்தினாள். முதல் குண்டைப் போட்டு அழுத்தினாள். அது முன்னால் போகாமல் பின்னால் வந்து அவள் நெஞ்சிலேயே மோதியது. கம்பியை மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"நல்ல துப்பாக்கிக்கா," என்றான் டோனர். "சுடுறவனையே சுடுது. உலகத்துல சண்டையே இருக்காது."

கம்பியைத் திருப்பினாள். இரண்டு செல் போட்டபோது குண்டு பாதிக் கடைக்குப் போய்ச் சோர்ந்து விழுந்தது. மூன்றாவதையும் சேர்த்தபோது எதிர்ச் சுவரில் அறைந்து பாதித் தூரம் திரும்பி வந்தது. டோனர் விசிலடித்தான். அக்கா விசிலடிக்கவில்லை. குழந்தை விளையாடுவது. இரண்டா, மூன்றா என்று அவளுக்கு மனம் ஊசலாடியது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தம்பியிடம் அதையே கேட்டாள். அவன் துப்பாக்கியை இடது கையில் எடுத்துப் பார்த்தான். மோட்டார் முரலும் சத்தம் கேட்டதும் அவன் முகம் ஐந்து மாதம் பின்னால் போய்விட்டது.

"மூணே இருக்கட்டும்."

"வலிக்குமாடா? என் தொடையில சுட்டுப் பாக்கலாம்னா, எனக்குத் தடிச்ச தோலு. நான் சொல்றது நம்புறதுக்கில்ல."

"என் மேல சுட்டுப் பாரு." அவன் வலது கையை மேசைமேல் நீட்டிப் போட்டான். "இவன்தான் அஞ்சு மாசமா சும்மா உக்காந்து சாப்பிடுறான். ஏதாவது வேலை செய்யட்டும்."

அந்தச் சமயம் உள்ளே தம்பி மனைவி எதற்கோ கூப்பிட, அவன் அந்தப் பக்கம் திரும்பி, "வரேன்" என்றான். அக்கா ஒரு சாண் தூரத்தில் வைத்து அழுத்தினாள். டப். கை அசையவில்லை.

"எப்படிடா இருந்துச்சு?"

"எறும்பு கடிச்ச மாதிரி," என்றான் அவன், எழுந்துகொண்டே.

அக்காவுக்கு இரட்டைச் சந்தோஷம். துப்பாக்கி சாது என்பது ஒன்று. எறும்புக் கடி தெரியும் அளவுக்கு அந்தக் கை தேறிவிட்டது என்பது இன்னொன்று. மூன்று செல்லையும் உள்ளே வைத்து ஆறு திருகாணிகளையும் இறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வீட்டில் இல்லை. தான் வேலை செய்யும் தையல் கடையில் அவசர வேலை என்று போயிருந்தாள். மேசை மறுபடி சாய்ந்தது. வாலு வழக்கம்போல முதல் இரண்டு குண்டுகளைச் சுவருக்குத் தானம் செய்தாள். பிறகு மேசைக்குப் பின்னாலிருந்து மோட்டார் உறுமியது. விர்ரென்று ஒரு குண்டு அவள் தலைக்கு மேலே போய் ஜன்னல் திரையில் மோதியது. அடுத்தது, அதற்கு அடுத்தது. இழுக்கவில்லை, இடுக்கவில்லை, விசை மட்டும்தான்.

"அத்தை, இது கள்ளாட்டம். அப்பாவுக்கு மோட்டார் வச்சிருக்கீங்க."

"உனக்கு ரெண்டு கை இருக்கில்ல? கணக்கு சரியாப் போச்சு," என்றான் அப்பா.

வாலு சிரித்தாள். மரியாதை எல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அப்புறம் அவள் சுட்டது எதுவும் சுவருக்குப் போகவில்லை. அவன் நெற்றியில் ஒன்று. "பட்டுச்சு." தோளில் ஒன்று. "பட்டுச்சு, பட்டுச்சு, கொஞ்சம் மூச்சு விட விடுடி." அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். நினைத்தது நடக்கிறபோது மனிதர்களுக்குக் கை நிற்காது.

வாலு பதுங்கிப் பதுங்கிச் சமையலறை வழியாகச் சுற்றி வந்தாள். கதவிடுக்கிலிருந்து அப்பாவின் முதுகு தெரிந்தது. வலது கை மேசையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குறி பார்த்துச் சுட்டாள். குண்டு நேராக அவன் விரல்களில் பட்டுத் தரையில் உருண்டது. அவன் சோபாவைப் பார்த்தபடியே இருந்தான்.

அவள் காத்திருந்தாள். சட்டப்படி அவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்து வெளியே வந்து, "அப்பா" என்று ஆரம்பித்தாள். அவன் சட்டென்று திரும்பிச் சுட்டுவிட்டான்.

இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை. காதுக்குக் கீழே பட்டது. வாலு கழுத்தைப் பொத்திக்கொண்டு, "பட்டுச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் உதடு கோணியது.

அக்கா ஓடிப்போய்ப் பொத்திய கையை விலக்கினாள். நாணயம் அளவுக்கு வட்டமாகத் தடித்து, கண்ணெதிரே சிவந்துகொண்டிருந்தது. நனைத்த துணியை வைத்து அழுத்தினாள். தம்பி முட்டி போட்டு, "தெரியாமப் பண்ணிட்டேன்டா கண்ணு, தெரியாம" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். வாலு அழுதது வலிக்காக இல்லை.

"நான்தான் முதல்ல சுட்டேன். அப்பா கையில பட்டுச்சு. அப்பா சொல்லவே இல்ல."

"படலடா."

"பட்டுச்சு. விரல்ல. நான் பாத்தேன்."

"பாத்தவங்க சொன்னா செல்லாதுன்னு யாரு சட்டம் போட்டது?" அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, புறங்கையில், ஒரு வட்டம். குழந்தையின் கழுத்தில் இருந்த அதே வட்டம், ஆனால் ஊதா நிறமாகி, ஓரத்தில் மஞ்சள் படர்ந்து. வெள்ளிக்கிழமை அவள் சுட்ட இடம். ஒரு சாண் தூரத்தில். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையை எடுத்து, கடையில் வாங்கிய பொருளை வைப்பதுபோல, மடியில் வைத்துக்கொண்டான்.

"எறும்பாடா கடிச்சது?" என்றாள் அக்கா.

"என்ன அக்கா இப்ப? எனக்கு எல்லாம் தெரியுது. ஆட்டத்துல கவனிக்கல, அவ்வளவுதான்."

வாலு மூக்கை உறிஞ்சினாள். தரையிலிருந்த ஒரு குண்டை எடுத்தாள். "அப்ப நான் பரிச்சை வைக்கிறேன். ஆஸ்பத்திரில வைப்பாங்கன்னு அம்மா சொன்னாங்கல்ல? கண்ண மூடுங்க."

"விளையாட்டுப் போதும்டா."

"மூடுடா," என்றாள் அக்கா.

அவன் மூடினான். வாலு அவன் கையை சோபாமேல் விரித்து வைத்தாள். குண்டைக் கட்டைவிரலுக்கு மேலே கொண்டுபோனாள். என்ன தோன்றியதோ, தொடாமல் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் கேட்டது.

"பட்டுச்சு," என்றான் அவன்.

வாலு அத்தையைப் பார்த்தாள். அத்தை அசையவில்லை.

"பட்டுச்சு," என்றான் மறுபடி, அதே இடைவெளி விட்டு. "பட்டுச்சு. பட்டுச்சு. பட்டுச்சு." சுண்டுவிரல் வரைக்கும் ஐந்து முறை சொல்லி முடித்து, பாஸ் ஆன மாணவனைப்போலக் கண்ணைத் திறந்தான்.

"நான் இன்னும் தொடவே இல்லப்பா," என்றாள் வாலு.

துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா குழந்தையை முகம் கழுவ அனுப்பினாள். அவள் போகிற வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பயிற்சி கொடுக்கிற அம்மா கட்டைவிரல்லதான் ஆரம்பிப்பாங்க," என்றான் அவன், மேசையைப் பார்த்தபடி. "வரிசையாத் தொட்டுக்கிட்டு சுண்டுவிரல்ல முடிப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே நேரம். ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி எண்ணிக்கிட்டே சொன்னாப் போதும். எனக்கே சில நாள் நிஜமாத் தெரியுற மாதிரி இருக்கும்."

"மணிக்கட்டு வரைக்குமா?"

"அதுக்கும் மேல. மடங்குது, பிடிக்குது. தெரியலை, அவ்வளவுதான்."

"நாளைக்கு மெஷின்ல என்ன பண்ணுவ?"

"இடது கையால அட்டைய வைக்கணும். வலது கையால வெட்டினத எடுக்கணும். கண்ணு பூரா கையிலயே வச்சிருப்பேன்."

"அந்த மெஷின் கத்தி நிமிஷத்துக்கு எத்தனை தடவ இறங்கும்?"

"இருபது."

"எட்டு மணி நேரம். கண்ண சிமிட்டாமலா? வேலை கத்துக்கிட்டப்ப நீதானேடா சொன்ன, கண்ணு எப்பவும் ஒரு அட்டை பின்னாடிதான் இருக்கும், கைதான் பாக்கும்னு."

"நாளைக்குப் போகலைன்னா அந்த மெஷின் இன்னொருத்தனுக்கு. என்னைக் குடோன்ல பெட்டி எண்ண உக்கார வைப்பாங்க. பதினொரு வருஷம் நின்ன இடம் அக்கா. சத்தத்த வச்சே கத்தி மழுங்கிடுச்சான்னு சொல்லுவேன். குடோன்ல என்ன சத்தம் இருக்கு?" குரல் தேய்ந்தது. "வாலு அம்மாகிட்ட சொல்லிடாத."

அக்காவுக்கு அவனை அறையலாம்போல இருந்தது. அடுத்த கணமே, எந்தக் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். பதினாறு வருடம் மெஷின் பார்த்தவள். எங்கே சிக்கியிருக்கிறது என்று தொட்டே சொல்கிறவள். பக்கத்து அறையில் ஐந்து மாதமாகத் தம்ளர் விழுந்த சத்தத்தைப் பலம் போதாத சத்தம் என்றே கேட்டிருக்கிறாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "பாத்தவ சொன்னா செல்லாது. உன் மேல பட்டது, நீதான் சொல்லணும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாலு கழுவிய முகத்தோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்து உள்ளே வந்தாள். சாய்ந்த மேசையைப் பார்த்ததும் அவள் களைப்பெல்லாம் எங்கோ போனது. "ஆரம்பிச்சுட்டீங்களா? யாரு ஜெயிச்சது?" யாரும் பதில் சொல்வதற்குள் பையிலிருந்து அவனுடைய வேலைச் சட்டையை எடுத்து உதறினாள். இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. "இதுக்குத்தான் கடைக்குப் போனேன். அவசர வேலைன்னு சும்மா சொன்னேன். கைப் பட்டன், நெஞ்சுப் பட்டன் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒட்டுற பட்டை வச்சிருக்கேன், பாருங்க." பிரித்துக் காட்டினாள். பர்ரென்று சத்தம் வந்தது. "ஒரு கையாலயே போட்டுக்கலாம். எங்கயாவது மாட்டினாலும் இழுத்தா வந்துடும்."

சட்டையை அவன் மடியில், அந்தக் கையின் மேல் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். சட்டை தன் கை மேல் இருக்கிறது என்பதை அவன் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இப்போது அக்காவுக்கு அது தெரிந்தது. ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு எல்லாவற்றிலும் அதுதான் தெரியும்.

"இந்தக் கையில எதுவும் படல," என்றான் அவன்.

"என்ன படல?"

"எதுவும். சூடு, ஊசி, துணி. வெட்டினாலும் தெரியாது. டாக்டர்கிட்ட பொய் சொல்லித்தான் எழுதி வாங்கினேன். நாளைக்கு மெஷினுக்குப் போக முடியாது."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவி வாலுவின் கழுத்தில் இருந்த சிவப்பைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தது வேறு.

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து."

அவள் சோபாவின் ஓரத்தில், எப்போதும்போல அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, பஸ்ல," என்றாள். நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "போறப்பவும் வரப்பவும் இந்தக் கையத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன். அஞ்சு மாசமா. நீங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு வருவீங்க."

வாலு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் அவளுடையது.

"படல," என்றான்.

தம்பி மனைவி சட்டையை எடுத்தாள். பிரிந்திருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டினாள், மேலிருந்து கீழ்வரை. மடித்தாள். "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போறோம். உங்க சூப்பர்வைசர்கிட்ட நீங்களே சொல்றீங்க. நான் வெளிய நிக்கிறேன்," என்றாள். பிறகு எழுந்து, தரையில் கிடந்த குண்டுகளை மிதிக்காமல் அவனைச் சுற்றி வந்து, அவனுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டால் தெரிகிற அந்த இடது கையை அவள் பிடிக்கவில்லை. அது சோபாவின் மேல், அவளுக்குப் பக்கத்தில், விரல் திறந்து கிடந்தது.